இரண்டரை மணி நேரத்தில் போய்விடும்

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் "ஆபீஸ் வேலை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். "என்ன மாதிரி ஆபீஸ்?" என்று அடுத்த கேள்வி வந்தால், மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பேன். திருவனந்தபுரத்தில் வருஷத்தின் பெரும்பாலான நாட்களில் வானத்தை அப்படிப் பார்க்க நியாயம் உண்டு என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

இருபத்தேழு வயதில் நான் இப்படி இல்லை. யாரும் கேட்காமலேயே சொல்வேன். கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்பவர், பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வந்தவர், என் தலைமுடியை வெட்டிக்கொண்டிருந்த காரணத்தால் தப்பி ஓட முடியாத பார்பர், எல்லோருக்கும் என் வேலையைப் பற்றி விலாவாரியாகத் தெரியும். (பார்பர் பாதியில் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவார். மனிதருக்குச் சங்கீதத்தில் ஈடுபாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

வேலை இதுதான். ஒரு கம்பெனி ஏதோ ஒரு ரசாயனத்தை, வாசனைத் திரவியமோ பெயின்டில் கலக்கும் எண்ணெயோ, வெளிநாட்டுக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ளவர்கள், "இது காற்றில் கலந்தால் எத்தனை நாள் இருக்கும்?" என்று கேட்பார்கள். ஒவ்வொன்றையும் காற்றில் விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடி அளக்க முடியாது. அதனால் மதிப்பிடுவோம். வெயில் அடிக்கும்போது காற்றில் ஹைட்ராக்சில் ராடிக்கல் என்று ஒன்று பிறக்கிறது. பிறந்த நொடியிலிருந்து அதற்கு அகோரப் பசி. அகப்பட்ட ஆர்கானிக் ரசாயனத்தைக் கடித்துக் குதறிவிடும். ஒரு மூலக்கூறின் படத்தை வைத்துக்கொண்டு, இந்த மூலையில் எவ்வளவு வேகமாகக் கடிபடும், அந்த மூலையில் எவ்வளவு வேகமாக என்று துண்டு துண்டாகக் கணக்குப் போட்டுக் கூட்டினால், அந்தச் சரக்கில் பாதி அழிய எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு எண் வரும். அதற்கு அரை ஆயுள் என்று பெயர். கூட்டல் வேலையைக் கம்ப்யூட்டர் செய்துவிடும். மூலக்கூறை அதற்குப் புரியும்படி தட்டச்சு செய்வதும், வந்த எண்ணை அறிக்கையில் ஏற்றுவதும், இடையில் கம்பீரமாக உட்கார்ந்திருப்பதும் என் பங்கு.

இந்த நிலைமையில்தான் எனக்கு நாகர்கோவிலில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் கோமதி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் இருவரையும் பதினைந்து நிமிஷம் தனியாகப் பேசச் சொன்னார்கள். அதில் பதினான்கு நிமிஷம் நான் ஹைட்ராக்சில் ராடிக்கலைப் பற்றிப் பேசினேன். கடைசி நிமிஷத்தில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பாதி போகும், அப்புறம் மிச்சத்துல பாதி போகும், அதுல பாதி போகும். அப்படீன்னா முழுசா எப்போதான் போகும்?"

இது உண்மையிலேயே நல்ல கேள்வி. நல்ல கேள்விகளுக்கு அந்தக் காலத்தில் நான் வைத்திருந்த பதிலைச் சொன்னேன். "அதெல்லாம் நடைமுறையில போயிடும்."

வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதிய பையனின் தாளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். எனக்கு அது நாணமாகத் தெரிந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போதே, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். நாகர்கோவில் தரப்பில் அப்படி ஒரு முடிவு எடுக்கப்பட்டதற்கான அறிகுறி இல்லை. "வீட்டை ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்றோம்" என்றார்கள்.

வீடு காண வருவது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்ணின் அப்பா, பெரியப்பா, அத்தை என்று ஒரு சிறு படை பிள்ளையின் வீட்டுக்கு வரும். பெண் வர மாட்டாள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, சுவரில் ஈரம் ஏறுகிறதா, பிள்ளையின் அம்மா உரக்கப் பேசுகிறாளா என்றெல்லாம் பார்ப்பார்கள். முடிவை வாயால் சொல்வதில்லை. காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினால் சம்பந்தம் இல்லை. இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டால் சம்மதம். சம்மதமில்லாத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஆகவே அம்மா பன்னிரண்டு பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு, பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

எங்கள் வீடு வலியசாலைத் தெருவில். அங்கே வீடுகள் ரயில் பெட்டிகளைப்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கச் சுவர்களும் அண்டை வீடுகளோடு பொது. எனவே பக்கத்தில் ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. வாசலில் ஒரு கதவு, கொல்லையில் ஒரு கதவு, நடுவில் முற்றத்துக்கு மேலே வானத்தின் ஒரு சதுரம். மழைத்தண்ணீர் கூடத்தில் தெறிக்கிறது என்று அந்தச் சதுரத்தின் மேலும் அப்பா பச்சை நிற பிளாஸ்டிக் ஷீட் போட்டுவிட்டிருந்தார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ரிட்டயரான பிறகு அவர் செய்த மகத்தான காரியம் அது. வருகிறவர்களையெல்லாம் அண்ணாந்து பார்க்கச் சொல்வார்.

நாகர்கோவில்காரர்கள் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, கூடத்துக் கதவுகள், தூண்கள், மர மச்சு, தேக்கு பெஞ்சு எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடிக்க வேண்டும் என்று அப்பா தீர்மானித்தார். நெய்யாற்றின்கரையிலிருந்து ஸ்டீபன் வந்தார். என் வயதுதான் இருக்கும். வார்னிஷில் டர்பன்டைன் கலந்து, கண்ணாடி போலப் பளபளக்கச் செய்வதில் பெயர் பெற்றவர்.

"நாளைக்கே தொடங்கிரலாம் சாரே," என்றார் ஸ்டீபன். "இடவப்பாதி மழை வந்தாச்சுன்னா பிறகு ஒண்ணும் உணங்காது. இப்பம் அடிச்சா பத்து நாளு கிட்டும். உணங்கவும் செய்யும், மணமும் போகும்."

இடவப்பாதி என்றால் எங்கள் ஊர் பருவமழை, உணங்குவது என்றால் காய்வது. அப்பாவுக்கு இஷ்டமில்லை. பத்து நாள் முன்னாலேயே அடித்தால் தெருப் புழுதியெல்லாம் படிந்து பளபளப்பு போய்விடும் என்பது அவர் வாதம். இரண்டு பேரும் இழுத்துக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலேயே நான் உள்ளே புகுந்தேன்.

"டர்பன்டைன்தானே? நாளைக்கு ஆபீஸ்ல பாத்துச் சொல்றேன்," என்றேன். அந்த வாக்கியத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

டர்பன்டைனில் பெரும்பகுதி பைனீன் என்ற சரக்கு. பைன் மரத்தின் வாசனையே அதுதான். மறுநாள் அதைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். கம்ப்யூட்டர் ஒரு நிமிஷம் முனகிவிட்டு, அரை ஆயுள் இரண்டரை மணி நேரம் என்றது. எனக்குப் பெருமையாக இருந்தது, பைனீன் நான் வளர்த்த பிள்ளை மாதிரி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தில் அட்டவணை போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். சனிக்கிழமை நாலு மணிக்கு வேலை முடிந்தால், ஆறரைக்குப் பாதி, ஒன்பதுக்குக் கால், பதினொன்றரைக்கு அரைக்கால். ஞாயிறு காலை பத்து மணிக்கு நூற்றில் ஒரு பங்குகூட மிச்சமில்லை.

"ஆக, முந்தின நாள் அடிச்சாலே போதும்கறே," என்றார் அப்பா.

"தாராளமா."

ஸ்டீபன் அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"சாரே, இது கம்ப்யூட்டர்ல பார்த்ததா, மணத்திப் பார்த்ததா?"

"கம்ப்யூட்டர்லதான். மூக்கை நம்பி இதெல்லாம் சொல்ல முடியாது."

"அப்பம் சரி," என்றார். அவர் முகத்தில் இருந்தது மரியாதை என்று அன்று நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்து அதற்கு வேறு பெயர் தெரியும். "சனியாழ்ச்ச வாறேன். ஆனா நான் அன்னைக்கே சொன்னேன்னு மாத்திரம் ஓர்மை வச்சுக்கோங்க."

இடவப்பாதி மழை வியாழக்கிழமை வந்தது.

சனிக்கிழமை ஸ்டீபன் சொன்னபடி வந்து, சொன்னபடி நாலு மணிக்கு முடித்து, தூரிகைகளைக் கழுவிக்கொண்டு போனார். கூடம் ஜொலித்தது. தூணில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஆனால் உள்ளே நின்று வாருவதற்கு மூச்சு வேண்டும். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அம்மா புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் கொல்லைக்கும் நடுவே குடிபெயர்ந்துவிட்டாள்.

அப்பா கைக்கடிகாரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சரியாக ஆறரைக்கு எழுந்து, கூடத்தின் நடுவில் நின்று, நீளமாக மூச்சை இழுத்தார். இருமினார்.

"இதுவாடா பாதி?"

"பாதின்னா, தோராயமா..."

"நாலு மணிக்கு இருந்ததைவிட ஜாஸ்தியா இருக்கு. நாலு மணிக்கு என்னால உன் முகத்தைப் பாக்க முடிஞ்சுது."

நானும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். குழப்பம் ஆரம்பமானது அந்த நொடியில்தான். கணக்கு தப்பாக இருக்க முடியாது. எனவே மூக்கு தப்பாக இருக்க வேண்டும். ஆனால் மூன்று மூக்குகள் ஒரே மாதிரி தப்பாக இருப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. இருட்டைப் பார்த்ததும் ஆபீஸ் அறிக்கைகள் ஞாபகத்துக்கு வந்தன.

எங்கள் ஆபீஸ் அறிக்கைகள் எல்லாவற்றிலும் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். ஒரு நாள் என்பது பன்னிரண்டு மணி நேர வெளிச்சம் என்று கொள்ளப்பட்டது. நூற்றுக்கணக்கான அறிக்கைகளில் அந்த வரியை நானே ஒட்டியிருக்கிறேன். என்ன அர்த்தம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கல்யாணப் பத்திரிகையில் 'இங்ஙனம்' மாதிரி, இருக்க வேண்டிய வார்த்தை என்று விட்டுவிட்டேன். அர்த்தம் இதுதான்: வெயில் இருந்தால்தான் அந்தப் பசிபிடித்த ராடிக்கல் பிறக்கும். சூரியன் அஸ்தமித்தால் அது வேலைக்கு வராது.

உள்ளே போய் அப்பாவிடம், "ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் கணக்குல சேராது," என்றேன்.

"ஏன் சேராது?"

"சூரியன் வேணும்."

"வார்னிஷுக்கா?"

"காத்துக்கு." புது அட்டவணை போட்டேன். இன்று இரண்டு மணி நேரம், நாளை காலை நாலு மணி நேரம், ஆக மொத்தம் ஆறு. "பத்து மணிக்கு அஞ்சில ஒரு பங்குதான் இருக்கும். சமாளிச்சுடலாம்."

அப்பா என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "முதல் காகிதத்துல நூத்துல ஒண்ணுன்னே. இப்போ அஞ்சுல ஒண்ணுங்கறே. நான் சும்மா உக்காந்திருக்கறச்சயே இருபது மடங்கு ஏறிடுத்தே."

வேறு வழியில்லாமல் என் மேலதிகாரி ஷீலா மேடத்துக்குப் போன் செய்தேன். வீட்டில் வேலை என்று சொல்லாமல், பொதுவாக ஒரு சந்தேகம் என்பதுபோல ஆரம்பித்தேன். மூன்றாவது வாக்கியத்திலேயே விஷயத்தைக் கறந்துவிட்டார். பிறகு மலையாளத்தில் நிதானமாகக் கேட்டார்.

"எடோ, அது ஆகாசத்தின்றெ கணக்கல்லே? தன்றெ வீட்டினகத்து ஆகாசமுண்டோ?"

உண்டு. வீட்டுக்குள் எங்கள் ஆகாயம் முற்றத்துக்கு மேலே ஒரு சதுரம். அப்பா பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிய அதே சதுரம். மேடம் சொல்ல வந்தது, இந்த மதிப்பீடெல்லாம் திறந்த வெளிக்கு, காற்றும் வெயிலும் பரந்து கிடக்கும் இடத்துக்கு, வீட்டுக்குள் இது செல்லாது, ஒழுங்காகக் கதவைத் திறந்து வை என்பதுதான். எனக்கோ அது கட்டளையாகக் கேட்டது. வீட்டுக்குள் ஆகாசத்தைக் கொண்டுவர வேண்டும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி, ஏணி போட்டு ஏறி, ஷீட்டின் ஒரு ஓரத்தைத் தூக்கினேன். வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாள் மழை அதன் பள்ளத்தில் குளமாகத் தேங்கியிருந்தது எனக்குத் தெரியாது. (அப்பாவுக்குத் தெரியும். நான் மேலே பார்த்திருப்பேன் என்று அவர் நினைத்தாராம்.) அத்தனையும் ஒரே வீச்சில் கூடத்துக்குள் இறங்கியது. அதன் பின்னாலேயே வானமும் இறங்கியது. சாம்பல் நிறத்தில், வெயில் ஒரு துளிகூட இல்லாமல், கொட்டுகிற மழையாக. ஷீட்டை அவசரமாக இழுத்து மூடியபோது அது பழைய இடத்தில் உட்கார மறுத்து, ஒரு மூலையில் சொட்ட ஆரம்பித்தது. கீழே அண்டா வைத்தோம்.

கூடத்தைத் துடைத்து முடித்தபோது மணி ஒன்பதரை. மணம் அப்படியே இருந்தது. இப்போது ஈரத்தோடு இருந்தது. அம்மா விஞ்ஞானத்தைக் கைவிட்டு நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். சாம்பிராணி போட்டாள். அது போதாமல், அடுத்த வீட்டு மாமியின் யோசனைப்படி காப்பிப்பொடியைத் தட்டில் பரப்பி நான்கு மூலையிலும் வைத்தாள். பிறகு கொல்லையில் கிடந்த பழுத்த சக்கையை (பலாப்பழம்தான்) வெட்டிக் கூடத்தின் நடுவில் வைத்தாள். சக்கைப்பழம் இருக்கும் வீட்டில் வேறு வாசனை நிற்காது என்பது அவள் அனுபவம். அன்றைக்கு நின்றது. நான்கும் சேர்ந்து நின்றன, ஒன்றுக்கொன்று வழிவிடாமல்.

பத்தரைக்கு நாகர்கோவில்காரர்கள் குடையோடு வந்து இறங்கினார்கள். கோமதியின் அப்பா, பெரியப்பா, அத்தை. மூன்று பேரும் நிலைப்படியைத் தாண்டியதும், ஒரே நேரத்தில், வந்தது சரியான வீடுதானா என்பதுபோல ஒரு கணம் நின்றார்கள்.

"வாங்கோ, வாங்கோ. கொஞ்சம் மராமத்து வேலை நடந்துது, கேட்டேளா," என்றார் அப்பா. "பெஞ்சுல உக்காருங்கோ. நல்ல தேக்கு."

பெரியப்பா கனத்த சரீரம். குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். பெஞ்சில் அமர்ந்து, வேஷ்டியைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நல்ல காரியம் பேச வந்திருக்கோம்..." என்று தொடங்கி, தும்மினார்.

கூடம் உறைந்தது. நல்ல காரியம் பேசும்போது ஒற்றைத் தும்மல் ஆகாது. இரட்டையாக வந்தால் தோஷமில்லை. எல்லோரும் பெரியப்பாவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா கையைக் கூப்பிக்கொண்டாள். இரண்டாவது வந்தது. எல்லோரும் மூச்சு விட்டோம். (விட்டிருக்கக் கூடாது. திரும்ப இழுக்க வேண்டியிருந்தது.) உடனே மூன்றாவது வந்தது. நான்கு. ஐந்து. அத்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். ஆறில் நின்றது. அத்தையின் முகம் மலர்ந்தது. ஏழாவது ஒன்று, வெகு நேரம் யோசித்து, நிதானமாக வந்தது.

அதற்குப் பிறகு எட்டு வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம். பெரியப்பா மூக்கைத் தேய்த்துக்கூடப் பார்த்தார், பாவம். அப்போது என் அப்பா, ஆயுளில் முதல் தடவையாக என்னை ஆச்சரியப்படுத்தி, படு செயற்கையாக ஒரு தும்மல் போட்டார்.

"எட்டு," என்றார் அவரே.

"பிள்ளையாத்துத் தும்மலைப் பொண்ணாத்துக் கணக்குல எப்படிச் சேக்கறது?" என்றாள் அத்தை.

இந்தக் கேள்வி விவாதத்துக்கு வந்திருக்கும். அதற்குள் பெரியப்பா பேச்சை மாற்றுவதற்காக என் பக்கம் திரும்பி, கண்ணீரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "மாப்பிள்ளைக்கு உத்தியோகம் என்னன்னு சொன்னா? எனக்குச் சரியாப் புரியலை."

வாழ்க்கையில் முதல் முறையாக, அந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"காத்துல கலந்த கெமிக்கல் எவ்வளவு நேரத்துல அழிஞ்சு போகும்னு மதிப்பிடறது," என்றேன்.

அண்டாவில் ஒரு சொட்டு விழுந்தது. மூன்று பேரும் மெதுவாக, வேண்டாவெறுப்பாக, ஒரு தடவை மோந்து பார்த்தார்கள்.

"அப்போ இது?" என்றார் பெரியப்பா.

"இது வந்து, வெயில் இருந்தா போயிடும். இன்னிக்கு வெயில் இல்லாததால..."

"அப்போ மழை பேஞ்சா உங்க ஆபீஸுக்கு லீவா?"

அவர் கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை. கோமதியின் அப்பா என் அப்பாவைப் பார்த்து, "அப்போ நாங்க காபி மாத்திரம் குடிச்சுட்டு, மழை விட்டதும் கிளம்பறோம்," என்றார். சமையலறை வாசலில் நின்ற அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு இலைகள் உள்ளே நறுக்கி அடுக்கியிருந்தன. நாகர்கோவிலில் ஒரு கணக்கு டீச்சர் யாருக்கோ மனைவியாகப் போகிறாள், காரணம் நான் போட்ட ஒரு அட்டவணை.

காபி வந்தது, குடிக்கப்பட்டது. பெரியப்பா, "அப்போ புறப்படலாமா," என்று எழுந்தார். எழவில்லை. மறுபடி முயன்றார். பெஞ்சு அவரோடு கொஞ்சம் எழுந்து, திரும்ப உட்கார்ந்தது.

ஸ்டீபன் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. உணங்கவில்லை. உணங்காத வார்னிஷ் டர்பன்டைனை விட்டுக்கொண்டேதான் இருக்கும். பாதி போகப் போக, பெஞ்சும் தூணும் மச்சும் புதிதாக ஊற்றிக்கொண்டே இருந்திருக்கின்றன. நான் ஓட்டைக் குடத்தின் கணக்கைக் குழாய்க்குப் போட்டிருக்கிறேன். அதை இந்தச் சமயத்தில் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

அத்தையும் கோமதியின் அப்பாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, கோமதியின் அப்பாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. கோமதிதான். அவர் ஒரு கையால் அண்ணாவைப் பிடித்தபடியே பேசினார். "வீடா? வீடு நன்னாத்தான் இருக்கு. மணம்தான்... இல்லம்மா, பெரியப்பா வர முடியலை. ஒட்டிண்டுட்டார்... ஆமாம், மாப்பிள்ளை பக்கத்துலதான் நிக்கறார்." பிறகு போனை என்னிடம் நீட்டினார். "உங்ககிட்ட என்னவோ கேக்கணுமாம்."

"அப்பா என்னமோ மணம்கறாரே," என்றாள்.

"ஆமாம்."

"எப்போ போகும்?"

கூடத்தைப் பார்த்தேன். தட்டுகளில் காப்பிப்பொடி. சக்கையின் மேல் ஈ. சொட்டுகிற ஷீட். பெஞ்சில் பெரியப்பா. என் சட்டைப் பையில் இரண்டு அட்டவணைகள்.

"தெரியலை," என்றேன்.

போனில் நாகர்கோவில் மழையின் சத்தம் கேட்டது.

"நெஜமாவே தெரியலையா?"

"நெஜமாவே. ரெண்டு தடவை கணக்குப் போட்டேன். ரெண்டும் தப்பு. ஏன் தப்புன்னு நாலு காரணம் வச்சிருக்கேன். அதுல எது சரின்னும் தெரியலை."

"அப்பாகிட்ட குடுங்கோ."

அவர் வாங்கி, "உம்... உம்... அப்படியா... சரி," என்று கேட்டுக்கொண்டார். போனைப் பையில் போட்டார். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. பெரியப்பாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், கடைசியாக அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நேரமாறதே மாமி. இலையைப் போட்டுடலாமே."

"அது சரி," என்றார் பெரியப்பா. "என்னை யாராவது எழுப்புங்கோ முதல்ல."

தேங்காய் எண்ணெய் ஒரு கிண்ணம் செலவாயிற்று. பெரியப்பா விடுதலையாகி, அப்பாவின் வேஷ்டியை உடுத்திக்கொண்டு, கொல்லைப்பக்கத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மூன்று முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார். அவருடைய வேஷ்டியின் ஒரு சாண் பகுதி பெஞ்சிலேயே தங்கிவிட்டது. கல்யாணம் வரைக்கும் சுரண்டிப் பார்த்தோம். நெசவுத் தடம் இன்றும் அதில் இருக்கிறது.

மணம் அடங்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று. ஸ்டீபன் ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, கொல்லைக் கதவையும் வாசல் கதவையும் திறந்து வைத்து, நடுவில் ஒரு டேபிள் ஃபேனைப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று போனில் அப்பாவிடம் என்ன சொன்னாய் என்று கல்யாணமாகி வெகு நாள் கழித்துக் கோமதியிடம் கேட்டேன். "ரொம்ப ஒண்ணும் இல்லை," என்றாள். "பொண்ணு பாக்க வந்தன்னிக்குப் பதினஞ்சு நிமிஷம் எல்லாம் தெரியும்னு பேசினாரே, அவருக்குத் தெரியலைன்னு சொல்லவும் வரதுப்பா, சாப்பிட்டுட்டு வாங்கோன்னேன்." அதற்கு முன் என்ன நினைத்திருந்தாள் என்று கேட்டேன். "வேண்டாம்னு சொல்லத்தான் போன் பண்ணினேன்," என்றாள். அவள் கணக்கு டீச்சர். விடையைச் சுற்றி வளைத்துச் சொல்லும் பழக்கம் கிடையாது.

பதினெட்டு வருஷமாகிறது. எங்கள் இரு குடும்பங்களிலும் 'ரெண்டரை மணி நேரம்' என்றால், எப்போது என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது என்று அர்த்தம். பிளம்பர் எப்போது வருவார்? ரெண்டரை மணி நேரத்தில். சித்தியின் மருமகனுக்கு எப்போது வேலை கிடைக்கும்? ரெண்டரை மணி நேரத்தில். என் பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில், இரண்டரை மணி நேரம் என்பது நூற்றைம்பது நிமிஷம் என்று டீச்சர் சொன்னபோது, எழுந்து நின்று மறுத்தாளாம். ஸ்டீபன் இப்போது பெரிய கான்ட்ராக்டர், அவர்கூட வாடிக்கையாளர்களிடம், "சார் கணக்கு வேணுமா, என் கணக்கு வேணுமா?" என்று கேட்பதாகக் கேள்வி.

இதை எழுதி முடித்ததும் கோமதியிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு சந்திப்பிழைகளைத் திருத்தி, தும்மல் ஏழு இல்லை, ஒன்பது என்று பெரியப்பா சொல்வார் என்றும் சேர்த்தாள்.

"இத்தனை வருஷமாச்சு. இதையெல்லாம் எப்போதான் மறப்பேள் நீங்க எல்லாரும்?" என்றேன்.

அவள் வாசலுக்கு வெளியே பார்த்தாள். மழை பெய்துகொண்டிருந்தது.

"வெயில் வரட்டும்," என்றாள். "ரெண்டரை மணி நேரத்துல."